ஒரு முழம் வலப்பக்கம்

1. எந்த நம்பர்

பாளையங்கோட்டையில் ஒரு துப்பாக்கிக் கடையில் முப்பத்தொரு வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒரு தோட்டாவை அறுத்து மேஜைமேல் கொட்டினார். ஈய ரவைகள் நாலா பக்கமும் உருண்டு ஓடின. நான் குனிந்து பொறுக்கினேன்.

"பொறுக்குறது கெடக்கட்டும். எம்புட்டு இருக்குன்னு பாரும்" என்றார்.

கொஞ்ச நேரம் எண்ணிவிட்டு நூறைத் தாண்டுகிறது என்றேன். அடுத்து இன்னொன்றை அறுத்தார். அதில் பட்டாணி அளவில் ஒன்பது உருண்டைகள்தான் இருந்தன. முதலில் அறுத்தது நாலாம் நம்பர், இரண்டாவது எஸ்ஜி. நம்பர் ஏற ஏற ரவை சிறிதாகும், எண்ணிக்கை கூடும். எட்டாம் நம்பர் கேழ்வரகு மாதிரி இருக்கும். இதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

"வாரவன் எல்லாம் பெருசாக் குடும்னு கேப்பான். பெருசு எண்ணிக்கையில கொறச்சல். குறி தப்புனா ஒண்ணும் படாது. என்னத்தச் சுடப் போறான், எம்புட்டு தூரத்துல சுடப் போறான், அதக் கேட்டுட்டுக் குடும். கேக்காமக் குடுக்காதியும் வே."

இப்போது கடையில் இருப்பவர்கள் அடிக்கடி போன் செய்து கேட்கிறார்கள். பழைய ஒற்றைக்குழலுக்கு எந்த நம்பர் கொடுக்கலாம், சோக் என்ற நுனிக் குறுக்கம் இல்லாத குழலில் ஆறாம் நம்பர் எவ்வளவு விரியும் என்றெல்லாம். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருங்க அண்ணாச்சி" என்றார்கள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். உருப்படியாக நாலு விஷயம் எழுத நினைத்தேன். பேனாவை எடுத்தால் ஒரே ஒரு துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன். அதிலேயே தொழிலும் இருக்கிறது.

2. வான்கோழி வட்டம்

முதலாளியின் மச்சினர் மகன் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்தார். கடைக்கு வந்து போனில் ஒரு வீடியோ காட்டினார். அங்கே காட்டு வான்கோழி சுடப் போகிறவர்கள், போவதற்கு முன்னால் ஒரு பெரிய தாளில் பத்து அங்குல வட்டம் போட்டு நாற்பது கெஜத்தில் நிறுத்திச் சுடுகிறார்கள். பிறகு உட்கார்ந்து ஓட்டைகளை எண்ணுகிறார்கள். வட்டத்துக்குள் போதுமான ஓட்டை விழாவிட்டால் வேறு நம்பர் தோட்டா, வேறு சோக். பறவையின் தலையிலும் கழுத்திலும் மட்டும் பட வேண்டுமாம். இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் பேட்டர்ன்.

முதலாளி சிரித்துவிட்டார். "நம்மூர்ல வான்கோழி கிறிஸ்மஸுக்குக் கழுத்தப் பிடிச்சு அறுக்குத சாமான். அதுக்கு எதுக்கு வே நாப்பது கெஜம்?"

நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தாள் என்னை விடவில்லை. அதுவரை நாங்கள் ரிப்பேர் பார்த்த துப்பாக்கியை ஒரு தகர டப்பாவில் சுட்டுப் பார்ப்போம். டப்பா விழுந்தால் சரி. ரவை எப்படிப் போகிறது, எங்கே கூடுகிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று யாரும் பார்த்ததில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு பிரஸ் இருந்தது. திருநெல்வேலியில் போஸ்டருக்கு என்ன பஞ்சம்? பூப்புனித நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க ஓடும். பெயர் தப்பாக விழுந்த போஸ்டர்களைக் கேட்டு வாங்கிவருவேன். பின்பக்கம் வெள்ளை. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டுவேன். அதுதான் குறி. அதைச் சுற்றிப் பத்து அங்குலத்தில் ஒரு வட்டம், முப்பது அங்குலத்தில் இன்னொரு வட்டம். ஊருக்கு வெளியே ஒரு கைவிட்ட கல்குவாரியில், சுட்டுப் பார்க்கக் கடைக்கு அனுமதி இருந்தது. அங்கே போய்ச் சுடுவேன். ஓரத்தில் துப்பாக்கி நம்பர், தோட்டா நம்பர், தேதி எழுதி வைப்பேன்.

இதில் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பெனி, ஒரே வருஷம் செய்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே மாதிரி போடாது. ஒன்றுக்கு நாலாம் நம்பர் அழகாக விழும், ஆறாம் நம்பர் சிதறும். இன்னொன்றுக்கு நேர்மாறு. வட்டத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையில்லாத இடம் இருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம். அட்டையை விட்டு மொத்த ரவைக் கூட்டமும் ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்தால் குறை தோட்டாவில் இல்லை, குழலில்.

வாடிக்கையாளர்கள் என்னைப் பேட்டர்ன் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்வதுகூடக் குறைவு. தலைக்கேறியிருந்தது.

3. ஆறுமுகத்தின் ஒற்றைக்குழல்

ஆறுமுகம் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து விவசாயி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா காலத்து லைசென்ஸ், அப்பா காலத்து ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி. கடைக்கு வரும்போதெல்லாம் மஞ்சப் பையில் ஒரு சீப்புப் பழம் இருக்கும். எனக்குத்தான்.

அவருக்குக் காட்டுப்பன்றியைக் கொல்லும் எண்ணம் கிடையாது. கொன்றால் கேஸ். "செத்துரக் கூடாது அண்ணாச்சி. பொறத்தால சுருக்குன்னு படணும். அந்தால மலையப் பாக்க ஓடிரணும்" என்பார். பெரும்பாலும் வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார். அதற்கும் அசையாமல் வயலுக்குள் நிற்கிற பன்றிக்குத்தான் குறி வைப்பார். அதற்கு நான் சிபாரிசு செய்தது நாலாம் நம்பர்.

ஒரு தடவை அவரையும் துப்பாக்கியையும் குவாரிக்குக் கூட்டிப்போனேன். பன்றி எவ்வளவு தூரத்தில் வரும் என்று கேட்டேன். இருபத்தைந்து கெஜம் என்றார். அந்தத் தூரத்தில் போஸ்டரை நிறுத்தி, அட்டைக்கு நேராகப் பிடித்து நானே சுட்டேன். போய்ப் பார்த்தால் அட்டைப் பக்கத்தில் ஒரு ஓட்டை இல்லை. மொத்தக் கூட்டமும் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நடுவிலிருந்து நடுவுக்கு ஒரு முழம்.

ஆறுமுகம் சிரித்தார். "அது தெரியும்லா. எங்கப்பா காலத்துல வண்டியில இருந்து கீழ விழுந்துட்டு. அதுல இருந்து எடது பக்கம் தள்ளும். பன்னிக்கு ஒரு மொழம் வலது பக்கமாப் பிடிச்சாச் சரியாப் போவும். எனக்கும் எந்தம்பிக்கும் அப்பா அப்படித்தான் சொல்லித் தந்தாவ."

குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நுனிப்பக்கம் லேசான வளைவு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"விட்டுட்டுப் போம். நிமித்தித் தாரேன்" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. கைக்குப் பழகிட்டு. இருந்துட்டுப் போட்டும்."

இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் வேண்டாம் என்றார். அந்தப் போஸ்டரைச் சுருட்டி எடுத்துவந்தேன். ஒரு முழம் தள்ளிச் சுடும் துப்பாக்கி என் பட்டறையைத் தாண்டிப் போகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

4. தேர்தல் டெபாசிட்

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும். சிலர் ஸ்டேஷனில் கொடுப்பார்கள். ஸ்டேஷனில் மூலையில் சாய்த்துவைத்தால் துரு ஏறிவிடும் என்று சிலர் எங்களைப்போன்ற கடைகளில் டெபாசிட் செய்வார்கள். ரசீது கொடுத்து, சீட்டுக் கட்டி, ஸ்ட்ராங் ரூமில் அடுக்குவோம். தேர்தல் முடிந்து உத்தரவு வந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்போம். அதுவரை அந்தத் துப்பாக்கிகளை யாரும் தொடக் கூடாது. எண்ணெய் போட்டுத் துடைக்கலாம், அவ்வளவுதான்.

அந்தத் தேர்தலுக்கு ஆறுமுகத்தின் ஒற்றைக்குழலும் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்கும். கடையில் வேறு வேலை இல்லை. ஒருநாள் எண்ணெய் துடைக்கிற சாக்கில் அதை எடுத்தேன்.

குழலை நிமிர்த்துவது எளிதான காரியம் இல்லை. மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து, திருகாணியை அரைச் சுற்று கூட அல்ல, மயிரிழை மயிரிழையாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் குழலுக்குள் பார்க்க வேண்டும். உள்ளே நிழல் வளையம் வளையமாகத் தெரியும். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக உட்கார்ந்தால் குழல் நேராகிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு நாள் ஆயிற்று. பிறகு குவாரிக்கு எடுத்துப்போய், அதே இருபத்தைந்து கெஜம், அதே நாலாம் நம்பர். அட்டையைச் சுற்றிலும் ஓட்டைகள், தேன்கூடு மாதிரி. என் வாழ்நாளில் பார்த்த மிக நல்ல பேட்டர்ன் அதுதான். தேதி எழுதி, பழைய தாளோடு சேர்த்துச் சுருட்டி வைத்தேன்.

முதலாளிக்குத் தெரியாது. ரிப்பேர் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதவும் முடியாது.

திருப்பிக் கொடுத்த அன்று கடையில் கூட்டம். ஆறுமுகம் வரிசையில் நின்று வந்து ரசீதை நீட்டினார். பழச் சீப்பை மேஜையில் வைத்தார்.

"பத்திரமா இருந்துச்சா அண்ணாச்சி?"

"ஜம்முன்னு இருக்கு. கொண்டு போயிச் சுட்டுப் பாரும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சிரித்தார். கூட்டம் என்று நான் சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. பத்து வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அவரே சுட்டுப் பார்த்து, அசந்துபோய், அடுத்த பஸ்ஸில் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

5. மடைப்பக்கம் நின்ற தம்பி

ஆறுமுகத்தின் தம்பி இசக்கி. அண்ணன் வயலுக்கு அடுத்து அவன் வயல். அந்தக் கார் பருவத்தில் கால்வாயில் தண்ணீர் குறைவு. முறைத் தண்ணீர் விடுவதில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. டீக்கடையில் பலர் முன்னால் ஆறுமுகம், "இனி எம்மடையில கைய வச்சா சுட்டுருவேம்லே" என்றிருக்கிறார். அண்ணன் தம்பிப் பேச்சு. கேட்டவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து விடிகிற வேளையில் ஆறுமுகம் துப்பாக்கியோடு வயலுக்குப் போனார். கதிர் சாய்ந்திருந்த பக்கம் ஒரு பன்றி நின்றது. வானத்தைப் பார்த்து ஒன்று போட்டார். அது அசையவில்லை. அதற்குப் பின்னால், வலப்பக்கமாக, இன்னும் ஒரு வயல் தள்ளி இசக்கி மடையருகே நின்றான். ஆறுமுகம் அவனைப் பார்த்தார். அவனும் இவரைப் பார்த்தான்.

பன்றிக்கு ஒரு முழம் வலப்பக்கம் பிடித்தால் குழல் இசக்கியின் திசையில்தான் இருக்கும். இருந்தால் என்ன? இடப்பக்கம் தள்ளுகிற துப்பாக்கி. வருஷக்கணக்காகத் தள்ளுகிற துப்பாக்கி. ஆறுமுகம் சுட்டார்.

பன்றிமேல் ஒரு ரவைகூடப் படவில்லை. இசக்கியின் முகத்தில் ஐந்து ரவைகள். இரண்டு கண்களும் போயின.

திருப்பிக் கொடுத்தபின் அந்தத் துப்பாக்கியை அவர் குறி வைத்துச் சுட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லாம் வானத்துக்கே போயிருந்தது.

போலீஸ் துப்பாக்கியைக் கைப்பற்றியது. "எடது பக்கம் தள்ளும்னுதான் அந்தப் பக்கம் பிடிச்சேன்" என்று ஆறுமுகம் சொன்னார். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குழல் நேராக இருக்கிறது, எந்தப் பழுதும் இல்லை என்று அறிக்கை வந்தது. கேஸ் என்னவோ பெரிதாகப் போகவில்லை, கவனக்குறைவு என்ற அளவில் நின்றது. லைசென்ஸ் போயிற்று. ஆனால் அந்த அறிக்கையை இசக்கி வேறு விதமாகக் கேட்டான். அந்தத் துப்பாக்கி தள்ளும் என்பது அவனுக்கும் தெரியுமே. இப்போது நேராக இருக்கிறது என்றால் யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். துப்பாக்கிக்காரனைத் தவிர யார் நிமிர்த்தச் சொல்வார்கள்? நிமிர்த்திக்கொண்டு வந்துதான் சுட்டிருக்கிறான். ஊரும் அதையே சொன்னது. டீக்கடைப் பேச்சை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

6. யாராச்சும் தொட்டீங்களா

தோட்டா வாங்க வந்த அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இதையெல்லாம் சொன்னார். நேராக முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"டெபாசிட்ல கெடந்தத எடுத்து ரிப்பேர் பாத்தீரா? வெளிய தெரிஞ்சா கடை லைசென்ஸ் போச்சு வே. நீரும் நானும் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். இந்தக் கடைய நம்பி ஏழு குடும்பம் இருக்கு. வாயத் தொறந்திராதியும்."

அவர்மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஆறுமுகமே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் அதே மஞ்சப் பை. பழத்தை எடுத்து வைத்துவிட்டு என் பட்டறைப் பக்கம் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. கோவிச்சுக்காதீங்க. தேர்தலுக்கு ரெண்டு மாசம் இங்கனதான கெடந்துச்சு. யாராச்சும் அதத் தொட்டீங்களா?"

சுருட்டிய இரண்டு போஸ்டர்களும் அவர் தலைக்கு மேலே இருந்த பரணில்தான் இருந்தன. கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"இல்ல ஆறுமுகம். டெபாசிட் துப்பாக்கிய யாரு தொடுவா?"

அவர் தலையை ஆட்டினார். கோபமே படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"அப்பம் எனக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கும் போல. தள்ளும்னு நெனச்சுத்தான் சுட்டேன்னு இம்புட்டு நாளும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். ஒருவேள அவன நோக்கித்தான் பிடிச்சேனோ என்னவோ. மனசுக்குள்ள என்ன கெடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு, "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் படி இறங்கினார். பைய, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

அந்தப் பழத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அதன்பின் போஸ்டரில் சுட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முதலாளி காலமானார். கடை அவர் மகன் கைக்குப் போயிற்று. நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். இரண்டு தாள்களும் என் பீரோவுக்கு வந்து சேர்ந்தன. நாளைக்குப் போகலாம், பொங்கல் கழியட்டும், முழங்கால் வலி குறையட்டும் என்று, ஆறுமுகம் வந்து கேட்டதிலிருந்து நாலு வருஷத்தை ஓட்டினேன். பிறகு கடையிலிருந்து ஒருநாள் போன் வந்தது. வேறு ஏதோ பேசும்போது, "அந்தப் பழச் சீப்பு ஆறுமுகம் போய்ச் சேந்துட்டாராம் அண்ணாச்சி" என்றார்கள்.

7. போஸ்டர்

அதற்கு அடுத்த வாரம் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் மூடிவிட்ட மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் அண்டா குண்டாவோடு நின்றுகொண்டிருந்தது. எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவது என்று அவர்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. நான் அடிவாரம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

ஊர் டீக்கடைச் சுவரில் ஆறுமுகத்தின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது. கீழே குடும்பத்தார் பெயர்கள் வரிசையாக இருந்தன. இரண்டு தடவை வாசித்தேன். இசக்கி பெயர் இல்லை.

இசக்கியின் மனைவி கதவைத் திறந்தாள். துப்பாக்கிக் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் தயங்கினாள். உள்ளேயிருந்து, "யாரு? வரச் சொல்லு" என்று குரல் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வளைவைப் பார்த்தது, ஆறுமுகம் வேண்டாம் என்றது, அவருக்குத் தெரியாமல் நான் நிமிர்த்தியது, சொல்லாமல் கொடுத்தது.

முடித்ததும், "கடேசியா நான் பாத்தது அந்தக் குழலத்தான் அண்ணாச்சி" என்றார். "என்னையப் பாத்து இருந்துச்சு. அண்ணன் பன்னிக்குப் பிடிக்கான், எடது பக்கம் போயிரும்னு எனக்குந் தெரியும். அதான் வெலகாம நின்னேன். நேரா இருக்குன்னு அறிக்கை வந்த அன்னிக்குத்தான், இவன் நிமித்திட்டு வந்து நம்மளச் சுட்டுட்டாம்னு நெனச்சேன்."

முதல் தாளை அவர் மடியில் விரித்தேன். நிமிர்த்துவதற்கு முன்னால் சுட்டது என்றேன். அவர் விரல்கள் தாளின்மேல் ஊர்ந்தன. நடுவில் ஒட்டியிருந்த அட்டையைத் தொட்டு நின்றன. சுற்றிலும் தடவினார், அங்கே ஒன்றும் இல்லை. பைய இடப்பக்கம் போனார். ஓட்டைகள் ஆரம்பித்த இடத்தில் விரல் திடுக்கிட்டு நின்றது. பிறகு அந்தக் கூட்டம் முழுவதையும் தடவிப் பார்த்தார்.

முழங்கையைக் கொண்டுவந்து அட்டையின்மேல் ஊன்றினார். கையை நீட்டித் தாளோடு படுக்க வைத்தார். நடுவிரல் நுனி ஓட்டைக் கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது.

"ஒரு மொழம்" என்றார். "சரியாத்தான் சொல்லியிருக்கான்."

இரண்டாவது தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"அவன் ஒங்க கடைக்கு வந்து கேட்டானா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னிய?"

"யாரும் தொடலன்னு சொன்னேன்."

அவர் மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"தெனமும் காலையில இந்த வாசல்ல வந்து நிப்பான் அண்ணாச்சி. செருப்புச் சத்தத்துலயே தெரியும். 'நான் நிமித்தலடே'ம்பான். அது ஒண்ணுதான் சொல்லுவான். நான் இவளக் கூப்பிட்டு, கதவச் சாத்துன்னு சொல்லுவேன். ஒருநாளோட அதச் சொல்றதையும் விட்டுட்டான். 'சுடணும்னு நெனச்சேனோ என்னவோ, எனக்கே தெரியலடே'ன்னான். அன்னிக்கும் சாத்தத்தான் சொன்னேன். அவன் செத்த கேதத்துக்கும் போவல. பக்கத்துத் தெருதான். கொட்டுச் சத்தம் இங்கன கேட்டுச்சு."

தாளை மடியிலிருந்து எடுத்து, நான் இருந்த பக்கமாக நீட்டினார்.

"கொண்டு போயிருங்க. நான் குருடன். இத வச்சு யாருக்குக் காட்டப் போறேன்? இந்த நாலு வருசத்துல நீங்க என்னிக்கு வந்திருந்தாலும் அந்தக் கதவத் தொறந்திருப்பேன்."

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. என்னை யாரும் வையவில்லை, அடிக்கவில்லை. அவர் வீட்டில் ஒருவரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

எந்தக் குழலுக்கு எந்த நம்பர் என்று கேட்டவர்களுக்கு, மேலே சொன்னது போதும். போஸ்டரில் சுட்டுப் பாருங்கள், ஓட்டையை எண்ணுங்கள், மீதியைத் தாளே சொல்லிவிடும். அதைவிட முக்கியமான ஒன்றை முதல் நாளே முதலாளி எனக்குச் சொல்லியிருந்தார். கேட்காமல் கொடுக்காதே என்றார். நான் கேட்டேன், வேண்டாம் என்ற பதிலும் வாங்கினேன், அதற்குமேல் என் கைத்திறமையைக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவர் கைக்குப் பழகிய கோணலை அவருக்குத் தெரியாமல் நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தித் தொலைத்துவிட்டால், துப்பாக்கியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்று விட்டுப்போனால் மறுநாள் பஸ் ஏறிப் போய்ச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்றரை மணி நேரம்தான்.